வானத்துச் சிற்றுண்டியும் வீட்டுத் தட்டும்

விமானம் மேலெழும்பிச் சமநிலையில் பறக்கத் தொடங்கிய சில நிமிடங்களில், அதில் அமர்ந்திருக்கும் அனைவருடைய நாவும் சற்று மந்தமாகிவிடுகிறது. தரையில் உப்பும் இனிப்பும் சரியாக இருந்த உணவு, அங்கே சப்பென்று இருக்கிறது. காப்பி நீர்த்துப் போனதுபோல் தோன்றுகிறது. உடல்நலத்தில் எவ்விதக் குறையும் இல்லாத பயணிக்கும் இதுவே நேர்கிறது.

நம் இதழின் வாசகர்கள் பலருக்கு இந்த அனுபவத்தை அறிய விமானம் ஏற வேண்டியதில்லை. கீமோதெரபி பெறுவோர், சிறுநீரக நோயுடன் வாழ்வோர், நீண்ட காய்ச்சலிலிருந்து மீள்வோர், பல மாத்திரைகளை நாள்தோறும் உட்கொள்ளும் முதியோர் ஆகியோர் தரையிலேயே அந்த நாவோடு வாழ்கின்றனர். "எதைச் சாப்பிட்டாலும் மண்ணைத் தின்பதுபோல் இருக்கிறது" என்று அவர்கள் சொல்வதை வீட்டார் பலமுறை கேட்டிருப்பார்கள்.

விமான நிறுவனங்களுக்கு உணவு தயாரிப்போர் இந்தக் குறையை நெடுங்காலமாக ஆராய்ந்து, சுவை குன்றிய நாவுக்கு எப்படிப் பரிமாறுவது என்பதை ஒரு தொழிலாகவே கற்றிருக்கிறார்கள். குறுகிய தொலைவு விமானத்தில் பிசினஸ் கிளாஸ் பயணிக்கு அரை மணி நேரத்திற்குள் வழங்கப்படும் காலைச் சிற்றுண்டி, அந்தக் கல்வியின் சிறந்த எடுத்துக்காட்டு. அதை ஒரு நோயாளி எவ்வாறு மகிழ்ந்து உண்ணலாம், அதிலிருந்து வீட்டுச் சமையலறைக்கு எதைக் கொண்டுவரலாம் என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

மடத்துக்குளத்திலிருந்து வானம் வரை

நம் பகுதியினர் முன்பெல்லாம் மேல்சிகிச்சைக்கு இரயிலையும் பேருந்தையுமே நம்பியிருந்தனர். இன்றும் பெரும்பாலோர் அவ்வாறே செல்கின்றனர். எனினும், பின்னலாடைத் தொழிலில் பணியாற்றும் மகனோ மகளோ பயணச்சீட்டு எடுத்துத் தர, பெற்றோர் கோவை பீளமேட்டிலுள்ள விமான நிலையத்திலிருந்து சென்னைக்கோ மும்பைக்கோ பறந்து செல்வது இப்போது அரிதன்று. நீண்ட நேரம் உட்கார இயலாதவர்களுக்கும், அறுவை சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனைக்குச் செல்வோர்க்கும் பயண நேரம் குறைவதே பெரிய நிவாரணம்.

அந்த நாளின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். காலை 7 மணிக்கு விமானம் என்று கொள்வோம். விமான நிலையத்தில் 2 மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். மடத்துக்குளத்திலிருந்து உடுமலை வழியாகக் கோவை சென்றடைய ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். ஆகவே அதிகாலை 3 மணிக்கு வண்டி ஏற வேண்டும். அதற்கு 2 மணிக்கே எழ வேண்டும். முன்னிரவு 8 மணிக்கு உண்டவருக்கு, காலை ஏழரை மணிக்கு வானில் தட்டு வரும்போது பதினொன்றரை மணி நேர இடைவெளி ஆகிவிடுகிறது. சாதாரணப் பயணிக்கு அது நல்ல பசி. சர்க்கரை நோயாளிக்கு அது திட்டமிட வேண்டிய இடைவெளி.

எல்லா விமானத்திலும் அந்தத் தட்டு வருவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கோவை–சென்னை போன்ற குறுந்தொலைவு வழித்தடங்களில் பறப்பவை பெரும்பாலும் ஒரே வகுப்பு இருக்கைகள் கொண்டவை. அவற்றில் உணவை விலைக்கு வாங்க வேண்டும். ஏர் இந்தியா போன்ற நிறுவனங்களின் விமானங்களில் முன்பகுதியில் பிசினஸ் கிளாஸ் இருக்கைகள் உண்டு. திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கொழும்பு செல்லும் ஸ்ரீலங்கன் விமானங்களிலும் அவ்வகுப்பு உள்ளது. திருச்சி–கொழும்புப் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரமே. அதற்குள் விமானம் ஏறவும் இறங்கவும் ஆகும் நேரம் போக, உணவு வழங்கக் கிடைப்பது அரை மணி நேரத்தை ஒட்டியதுதான்.

கட்டணம் சாதாரண வகுப்பைவிடப் பன்மடங்கு இருக்கும். சிகிச்சைச் செலவு முன்னிற்கும் குடும்பம் அதை நாட வேண்டும் என்று நாங்கள் கூற மாட்டோம். மகன் எடுத்துத் தந்தாலோ, காலை நீட்டி அமர வேண்டிய மருத்துவத் தேவை இருந்தாலோ, அந்த இருக்கையில் அமர்பவர் குற்ற உணர்வோடு அமர வேண்டியதில்லை. நன்றாக உண்டு செல்லட்டும்.

தட்டில் வருவது

விமானம் புறப்படுமுன்பே தண்ணீரோ பழச்சாறோ கொடுத்து, கை துடைக்க ஈரத்துண்டும் தருவது பிசினஸ் கிளாஸ் வழக்கம். பின்னர் பணியாளர் அருகில் வந்து, இரண்டு அல்லது மூன்று வகைகளைச் சொல்லி, எது வேண்டும் என்று கேட்பார். தென்னிந்தியச் சிற்றுண்டியைக் கேட்டால் இட்லி, வடை, உப்புமா, பொங்கல் போன்றவற்றுள் இரண்டொன்று சாம்பார், சட்னியுடன் வரும். மற்றொரு வகையில் ஆம்லெட் இருக்கும். சிறு கிண்ணத்தில் நறுக்கிய பழம், மூடிய கோப்பையில் தயிர், ரொட்டி, வெண்ணெய், பிறகு காப்பி அல்லது தேநீர். நெடுந்தொலைவுப் பயணத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை, குறுகிய பயணத்தில் ஒரே தட்டில் சேர்ந்து வந்துவிடும்.

தோசை ஏன் அரிதாகவே வருகிறது என்று நீங்கள் வியக்கலாம். அந்த உணவு விமானத்தில் சமைக்கப்படுவதில்லை. விமான நிலையத்தை ஒட்டிய பெரிய சமையற்கூடங்களில் பல மணி நேரம் முன்பே சமைத்து, விரைவாகக் குளிர்வித்து, குளிர்நிலையிலேயே வண்டிகளில் ஏற்றப்படுகிறது. வானில் வெப்பக் காற்று அடுப்பில் மீண்டும் சூடாக்குவதுதான் நடக்கிறது. மொறுமொறுப்பான பண்டம் இந்த நடைமுறையில் தளர்ந்துவிடும். உலர்ந்த பண்டம் மேலும் உலரும். ஈரப்பதமுள்ள பொங்கலும், சாம்பாரில் ஊறிய இட்லியும், குழம்போடு கூடிய உணவும் தாக்குப்பிடிக்கும். ஆகவே அவையே பட்டியலில் இடம்பெறுகின்றன.

இந்த நிலைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. 1919 அக்டோபரில் இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே பறந்த ஹேண்ட்லி பேஜ் நிறுவனத்தின் விமானத்தில், 3 ஷில்லிங் விலைக்கு உணவுப் பெட்டி விற்கப்பட்டது. விமானத்தில் உணவு வழங்கியதற்கு அதுவே முதல் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. சூடாக்க அடுப்பில்லாத காலம்; பெட்டியில் இருந்தது ஆறிய உணவே. நம் நாட்டில் 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்த சிறு விமானம் அஞ்சல் பைகளை மட்டுமே சுமந்தது. அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அஞ்சலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். 2003இல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான், இலவச உணவை நீக்கிக் கட்டணத்தைக் குறைத்து, எளிய குடும்பங்களையும் விமானம் ஏற்றியது. இன்று உள்நாட்டுப் பயணிகளுள் பெரும்பாலோர் உணவை விலைக்கு வாங்குவதோ, கையில் எடுத்துச் செல்வதோ அந்த மாற்றத்தின் தொடர்ச்சியே.

வானில் நா ஏன் மந்தமாகிறது

விமானத்தினுள் காற்றழுத்தம் தரையில் உள்ளதுபோல் இருப்பதில்லை. பல விமானங்களில் அது 6,000 முதல் 8,000 அடி உயர மலையின்மேல் இருப்பதற்கு ஒப்பானது. ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 7,350 அடி. ஆகவே கோவையில் ஏறியவர், அரை மணி நேரத்தில் ஊட்டியின் காற்றழுத்தத்தில் அமர்ந்து உண்கிறார் எனலாம். ஆனால் ஊட்டியின் ஈரக்காற்று அங்கில்லை. விமானத்தினுள் ஈரப்பதம் 20 விழுக்காட்டிற்கும் கீழே இறங்குவது வழக்கம். மூக்கின் உட்சவ்வு உலர்ந்தால் மணம் குறையும். மணம் குறைந்தால் சுவையும் குறையும். நாம் சுவை என்று கருதுவதில் பெரும்பங்கு மூக்கின் வேலையே என்பது சளி பிடித்த ஒவ்வொருவரும் அறிந்ததுதான்.

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தினர், விமான உடற்பகுதி ஒன்றைக் குறைந்த அழுத்தக் கூடத்தில் வைத்து, லுஃப்தான்சா நிறுவனத்திற்காக இதைச் சோதித்தனர். உப்பும் இனிப்பும் குறைவாக உணரப்பட்டன. புளிப்பும் கசப்பும் அவ்வளவாக மாறவில்லை. இயந்திர இரைச்சலுக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், விமானத்தினுள் இருப்பதுபோன்ற இரைச்சலில் இனிப்பு மங்கியதும், உமாமி எனப்படும் சுவை மாறாகக் கூடியதும் தெரியவந்தன. தக்காளி, காளான், எலும்புச் சாறு, நன்கு வெந்து கரைந்த பருப்பு ஆகியவற்றில் நாம் உணரும் அந்தச் செறிந்த சுவையே உமாமி. தரையில் தக்காளிச் சாற்றைத் தொடாதவர்களும் வானில் அதை விரும்பிக் கேட்பதன் காரணம் இதனால் விளங்குகிறது.

காப்பிக்கு வேறொரு காரணமும் உண்டு. அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் 100 பாகையை எட்டுமுன்பே கொதித்துவிடும். வானில் அது 92, 93 பாகை அளவிலேயே நிகழ்கிறது. நம் வீட்டு டிகாக்சனின் திடம் அங்கே கிடைக்காது என்று முன்பே எண்ணிக்கொண்டால் ஏமாற்றம் இராது.

அதே நா, வீட்டில்

இப்போது வீட்டிற்கு வருவோம். கீமோதெரபியும் தலை, கழுத்துப் பகுதிக்குத் தரப்படும் கதிர்வீச்சும் சுவை அரும்புகளையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாக்குகின்றன. சிறுநீரகச் செயலிழப்பில் இரத்தத்தில் தங்கும் கழிவுகள் வாயில் உலோகச் சுவையைத் தருகின்றன. சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இரத்த அழுத்த மருந்துகளும் இதைச் செய்வதுண்டு. முதுமையில் மணம் அறியும் ஆற்றல் தானே குறைகிறது. காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே: தட்டு பாதியில் நகர்த்தப்படுகிறது.

இதை வீட்டார் பிடிவாதமாகவோ மனச்சோர்வாகவோ எண்ணிவிடுகின்றனர். "எங்களுக்காகவாவது சாப்பிடுங்கள்" என்று மன்றாடுவதும், பின்னர் கோபித்துக்கொள்வதும் நடக்கின்றன. நோயாளியோ, சமைத்தவர் மனம் வருந்தக் கூடாதென்று இரண்டு கவளம் விழுங்கிவிட்டு எழுந்துவிடுகிறார். சில வாரங்களில் எடை குறைகிறது, தசை கரைகிறது, புண் ஆறுவது தாமதமாகிறது, அடுத்த தவணைச் சிகிச்சையைத் தள்ளிவைக்கும் நிலையும் வரலாம். சுவையின்மை என்பது சிறிய குறையாகத் தோன்றினாலும், சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடியது. எனவே அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வாய்ப்புண், பூஞ்சைத் தொற்று, பல் நோய், மருந்தின் பக்கவிளைவு ஆகியவற்றுள் ஒன்று காரணமாயின் அதற்கு மருந்துண்டு.

காரணம் உடனே நீங்காதபோது, வானத்துச் சமையற்காரர்கள் செய்வதை நாமும் செய்யலாம்.

தட்டிலிருந்து ஏழு பாடங்கள்

முதலாவது, அளவு. விமானத் தட்டில் எதுவும் குவியலாக இருப்பதில்லை. இரண்டு சிறு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், நான்கு துண்டு பழம். பார்த்தவுடன் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறக்கிறது. பசியற்றவர் முன் நிறைந்த தட்டை வைப்பது அவரை உண்ணுமுன்பே களைப்படையச் செய்யும். சிறிதாக வைத்து, நாளுக்கு ஐந்து, ஆறு முறை கொடுங்கள்.

இரண்டாவது, புளிப்பும் செறிவும். உப்பைக் கூட்டாமல் சுவையைக் கூட்டும் வழி இது. எலுமிச்சை பிழிந்த சந்தகை, தக்காளி ரசம், காளான் வதக்கல், பருப்பு கடைந்தது, ஆட்டுக்கால் சூப் ஆகியவை மந்தமான நாவையும் எட்டும். சீரகம், மிளகு, கொத்துமல்லி, கறிவேப்பிலை ஆகியவற்றின் மணமும் உதவும். வாய்ப்புண் உள்ளவர்களுக்கு மட்டும் புளிப்பும் காரமும் ஆகா. அவர்களுக்குத் தயிர் சாதம், குழைந்த பொங்கல், ஆறிய கஞ்சி ஏற்றவை. சிறுநீரக நோயாளிகள் தக்காளி, காளான், பருப்பு, சூப் ஆகியவற்றின் அளவை உணவியலாளரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஈரம். உலர்ந்த வாய்க்கு உலர்ந்த உணவு பகை. இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துத் தருவதுபோல், சப்பாத்தியையும் பருப்பில் ஊறவைத்துத் தரலாம். உண்ணுமுன் வாயைக் கொப்பளித்துச் சிறிது நீர் அருந்தினால் சுவை சற்றுத் தெளியும்.

நான்காவது, சூடு. சூடான உணவின் ஆவி மணத்தை மூக்குக்குக் கொண்டுசெல்கிறது. ஆனால் குமட்டல் உள்ளவர்க்கு அந்த மணமே பகையாகும். அவருக்கு ஆறிய உணவையோ குளிர்ந்த தயிரையோ கொடுப்பதே நலம். உலோகச் சுவை உணர்வோர், எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் மரக் கரண்டியையோ பிளாஸ்டிக் கரண்டியையோ பயன்படுத்திப் பார்க்கலாம்.

ஐந்தாவது, தேர்வு. பணியாளர் "இதுவா, அதுவா?" என்று கேட்கிறார். நோயாளியிடம் நாம் பெரும்பாலும் கேட்பதில்லை, கொண்டுவந்து வைத்துவிடுகிறோம். ஊசி எப்போது, பரிசோதனை எது, குளியல் எந்நேரம் என்று எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்யும் வாழ்வில், "இட்லியா, உப்புமாவா?" என்ற கேள்வி ஒன்று அவருக்கு உரியதாக இருக்கட்டும். இரண்டு வகை போதும், "என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்ற விடையே வரும்.

ஆறாவது, அமர்வு. விமானத்தில் உணவு நேரத்தில் இருக்கையை நிமிர்த்தச் சொல்வார்கள். வீட்டிலும் அதுவே விதி. படுத்தபடியோ சாய்ந்தபடியோ உண்டால் உணவு மூச்சுக்குழாயில் புகக்கூடும். பக்கவாதம் கண்டவர்களும் முதியோரும் நிமிர்ந்து அமர்ந்து உண்டு, அதன்பின் அரை மணி நேரமாவது அமர்ந்தே இருக்க வேண்டும்.

ஏழாவது, இரண்டு தட்டு. இதைப் பற்றி இறுதியில் தனியே சொல்வோம்.

வானில் உண்ணுமுன் கவனிக்க வேண்டியவை

இனிய சிற்றுண்டி இன்னலாக மாறாதிருக்கச் சில முன்னேற்பாடுகள் தேவை.

இன்சுலின் போடுவோர்: குறுகிய பயணத்தில் காற்றுக் கொந்தளிப்பு ஏற்பட்டால், உணவு வழங்குவதையே நிறுத்திவிடுவார்கள். ஆகவே உணவு வருமென்ற நம்பிக்கையில் முன்கூட்டி ஊசி போட்டுக்கொள்வது ஆபத்தானது. விரைந்து செயற்படும் இன்சுலின் எனில், தட்டு உங்கள் முன் வந்தபின்னரே போடுங்கள். உணவுக்கு அரை மணி நேரம் முன் போட வேண்டிய வகை எனில், விமான நிலையத்திலேயே உண்டு முடிப்பதா, நேரத்தை மாற்றுவதா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் சோதித்துப் பாருங்கள்; 70க்குக் கீழ் இருந்தால் 3 தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோசோ உட்கொண்டு, 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். இன்சுலினைக் கைப்பையிலேயே வையுங்கள். சரக்குப் பகுதியில் செல்லும் பெட்டியில் வைத்தால், குளிரில் உறைந்து பயனற்றுப் போகலாம்; பெட்டி தவறிப்போனால் மருந்தும் போய்விடும். மருத்துவரின் சீட்டு உடனிருக்கட்டும்.

அறுவை சிகிச்சைக்கோ இரத்தப் பரிசோதனைக்கோ செல்வோர்: இதுவே நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது. சென்றடைந்த அன்றே மயக்க மருந்து கொடுக்கும் சிகிச்சையோ, வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனையோ இருந்தால், வானில் வரும் தட்டை மறுத்துவிட வேண்டியிருக்கும். மயக்க மருந்துக்கு முன் எளிய உணவுக்கு 6 மணி நேரமும், எண்ணெயில் பொரித்த வடை போன்றவற்றுக்கு 8 மணி நேரமும், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி விடுவது பொதுவான வழக்கம். பால் கலந்த காப்பி, உணவின் கணக்கிலேயே சேரும். உங்களுக்குரிய நேரத்தை அந்த மருத்துவமனையே சொல்லும். சொல்லாவிடில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்புடன் நீட்டப்படும் ஒரு கோப்பைக் காப்பியால், பல நாள் காத்திருந்த அறுவை சிகிச்சை தள்ளிப்போகலாம். மறைத்து மயக்க மருந்து பெற்றால் உயிருக்கே இடர் நேரலாம்.

இதயம், சிறுநீரகம், இரத்த அழுத்த நோயுள்ளோர்: நா உணராத உப்பை ஈடுகட்ட, விமான உணவில் உப்பு சற்றுக் கூடுதலாகவே இருக்கக்கூடும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஊறுகாயையும் உப்பிட்ட வெண்ணெயையும் ஒதுக்கி, சாம்பாரைப் பாதியாக்கினாலே கணிசமாகக் குறையும். வெந்நீர் ஊற்றி உண்ணும் உப்புமாக் கோப்பைகளை விலைக்கு வாங்குவோர், அதன்மேல் அச்சிட்டுள்ள சோடியம் அளவைப் பார்த்து வாங்குங்கள். டயாலிசிஸ் பெறுவோர் பழக்கிண்ணத்தையும் பழச்சாற்றையும் பொட்டாசியக் கணக்கில் வைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர்: சூடாக ஆவி பறக்கும் உணவையும், மூடி திறக்கப்படாத தயிரையும், தோலுரித்து உண்ணும் முழுப் பழத்தையும் தேர்ந்தெடுங்கள். நறுக்கிய பழத்தையும் பச்சைக் காய்கறிகளையும் தவிர்ப்பது நலம். சூடு போதவில்லையெனில் மீண்டும் சூடாக்கித் தரும்படி தயங்காமல் கேளுங்கள்.

அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர்: அழுத்தம் குறையும்போது வயிற்றிலுள்ள வாயு ஏறத்தாழ 30 விழுக்காடு வரை விரிவடையும். வயிற்று அறுவைக்குப் பின் எப்போது பறக்கலாம் என்பதை அறுவை மருத்துவரே சொல்ல வேண்டும். விழித்திரைச் சிகிச்சையில் கண்ணுக்குள் வாயு வைக்கப்பட்டவர், அது முற்றிலும் கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. பறக்க அனுமதி பெற்றவர்களும் அன்று காலை பருப்பு வடை, முட்டைக்கோசு, சோடா ஆகியவற்றைத் தவிர்த்தால் வயிறு இலேசாக இருக்கும்.

தைராய்டு மாத்திரை உட்கொள்வோர்: வீட்டிலிருந்து கிளம்பும்போதே வெறும் வயிற்றில் தண்ணீருடன் போட்டுக்கொள்ளுங்கள். காப்பியோடு சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக உட்கிரகிக்கப்படாது.

விமான நிறுவனங்கள் சர்க்கரை நோயாளிக்கும், உப்புக் குறைக்க வேண்டியவருக்கும் தனி உணவு வழங்குகின்றன. பயணச்சீட்டு எடுக்கும்போதோ, பொதுவாகப் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்னதாகவோ கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். முன்னதற்கு டி.பி.எம்.எல்., பின்னதற்கு எல்.எஸ்.எம்.எல். என்பவை பல நிறுவனங்களிலும் வழங்கும் குறியீடுகள். குறுகிய பயணங்கள் எல்லாவற்றிலும் இவ்வசதி இராது. ஆகவே பதிவு உறுதியானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இட்லியும் பொடியும் கட்டி எடுத்துச் செல்வதும் நல்ல வழியே. மடத்துக்குளம் வழியாகப் பழநிக்கு நடந்து செல்லும் பக்தர்கள் காலங்காலமாகக் கட்டுச்சோற்றோடுதான் செல்கிறார்கள். வானத்திலும் அது செல்லுபடியாகும். குழம்பும் சட்னியும் இல்லாமல் உலர்ந்ததாக இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் சிக்கல் இராது.

உடனிருப்பவரின் தட்டு

விமானத்தில் நோயாளிக்கு ஒரு தட்டு வரும்போது, அருகிலிருப்பவருக்கும் ஒரு தட்டு வருகிறது. இருவரும் ஒரே நேரத்தில், ஒரே சூட்டில் உண்கிறார்கள். நோயாளியைப் பேணும் குடும்பங்களில் இது எத்தனை அரிதான காட்சி என்பதை எங்கள் வார்டுகளில் நாள்தோறும் காண்கிறோம். நோயாளிக்கு ஊட்டி முடித்து, பாத்திரம் கழுவி, மருந்து கொடுத்துவிட்டு, ஆறிப்போன எஞ்சியதை நின்றபடியே உண்ணும் மனைவியரும் மகள்களும் மருமகள்களும் இங்கே ஏராளம். பலர் காலை உணவையே விட்டுவிடுகின்றனர். மயங்கி விழுந்து, உடனிருக்க வந்தவரே நோயாளியாகச் சேர்வதும் உண்டு.

இருவரும் சேர்ந்து உண்பதில் நோயாளிக்கும் நன்மை உண்டு. தனியே அமர்ந்து, பிறர் பார்த்துக்கொண்டிருக்க உண்பவர் குறைவாகவே உண்பார். எதிரில் ஒருவர் ருசித்து உண்ணும்போது அவர் கையும் தட்டுக்குச் செல்லும். பேச்சும் உணவிலிருந்து விலகிப் பேரப்பிள்ளைகள், அமராவதியில் தண்ணீர் திறப்பு, கரும்பு வெட்டு என்று இயல்பாகப் போகும். "இன்னும் ஒரு வாய்" என்ற வற்புறுத்தலுக்கு அங்கே இடமிருக்காது.

ஆகவே உடனிருப்போருக்கு எங்கள் வேண்டுகோள் இது. பயணத்தில் பணியாளர் "உங்களுக்கு?" என்று கேட்கும்போது, "எனக்கு வேண்டாம், அவருக்கு மட்டும்" என்று சொல்லாதீர்கள். உங்கள் தட்டையும் வாங்கிச் சூடாக உண்ணுங்கள். வீடு திரும்பியபின் நாளில் ஒரு வேளையாவது, முடிந்தால் காலைச் சிற்றுண்டியை, இரண்டு தட்டாக எடுத்துவைத்து எதிரெதிரே அமர்ந்து உண்ணுங்கள்.

உண்ட அளவை ஒரு வாரம் எழுதிவைத்து, வாரம் ஒருமுறை எடை பார்த்து, அடுத்த வருகையின்போது அந்தத் தாளை எடுத்து வாருங்கள். ஒரு மாதத்தில் எடை 20இல் ஒரு பங்கு குறைந்திருந்தால், அதாவது 60 கிலோ உள்ளவர் 3 கிலோ இழந்திருந்தால், அடுத்த வருகைவரை காத்திராமல் உடனே வாருங்கள். வெளியூர்ப் பயணம் முடிவாகியிருந்தால் தேதியையும், புறப்படும் நேரத்தையும், சென்றடைந்தவுடன் என்ன சிகிச்சை என்பதையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அன்று காலை எதை உண்பது, எப்போது உண்பது, எந்த மருந்தை எப்போது எடுப்பது என்பதை ஒரே தாளில் எழுதி வாங்கிக்கொண்டு புறப்படலாம்.